மெக்கானிக் இல்லாமல் வந்தவர்

அவர் கார் சாவியை மேசைமேல் வைத்தார். உடனே எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

எதிரே நாற்காலியின் நுனியில் மயில்சாமி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மயில்சாமியின் மனைவி துளசிமணி, மடியில் ஒரு துணிப்பையுடன். பணம் அதற்குள்தான் இருக்கிறது என்பது அவள் பையைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

அவருடைய பனியன் கம்பெனியில் பதினொரு வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர் மயில்சாமி. கம்பெனி இப்போது இல்லை. மயில்சாமி சொந்தமாக ஆறு தையல் மெஷின் போட்டிருக்கிறார்.

பழைய முதலாளியான அவருக்கு மிஞ்சியது வாசலில் நிற்கும் ஜெர்மன் கார்.

நான்கு மாதமாக விற்கப் பார்க்கிறார்.

வருகிறவர்கள் எல்லோருக்கும் காரைப் பார்த்ததும் முகம் மலரும். சுற்றிச் சுற்றி வருவார்கள். ஒருவர் தன் மகளை பானட்மேல் உட்காரவைத்துப் படம்கூட எடுத்துக்கொண்டார். பிறகு கூட வந்த மெக்கானிக் ஓட்டிப் பார்ப்பார். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது வண்டி ஒரு உதறு உதறும்.

அதோடு சரி.

கியர்பாக்ஸ் போகப்போகிறது. புதிது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதை மாற்றுகிற செலவுக்கு உள்ளூர்க் கார் ஒன்றையே வாங்கிவிடலாம். போனவர்கள் யாரும் திரும்ப போன் செய்யவில்லை. கடைசியாக வந்த புரோக்கர் நான்கு சக்கரங்களை மட்டும் விலைக்குக் கேட்டார்.

வியாழக்கிழமை அவருடைய மனைவிக்கு இதய வால்வு ஆபரேஷன். இன்று திங்கள்.

அவள் உள்ளறையில் படுத்திருக்கிறாள்.

மயில்சாமி மெக்கானிக்கைக் கூட்டி வரவில்லை.

“உங்க வண்டிங்ண்ணா. அதுல பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?”

ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. பக்கக் கண்ணாடியில் படிந்திருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்தார். அவ்வளவுதான். விலையிலும் பேரம் இல்லை.

காலையிலிருந்தே அவர் தன்னைத் தயார்படுத்திக்கொண்டிருந்தார். மயில்சாமியாகக் கேட்காமல் கியர்பாக்ஸைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. கேட்டால்தானே பொய் சொல்ல வேண்டும்?

மயில்சாமி கேட்கவே இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“மயிலு, இது உனக்கு வேண்டாம். கியர்பாக்ஸ் போயிரும். நாளைக்கே போனாலும் போயிரும். அந்தச் செலவையெல்லாம் உன்னால தாங்க முடியாது.”



துளசிமணி தரையைப் பார்த்தாள்.

“எனக்குக் குடுக்க மனசில்லீங்ளாண்ணா?”

மயில்சாமியின் குரலில் கோபம் இல்லை.

பல வருடங்களுக்கு முன், கார் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாதபோது ஒன்று நடந்தது. வெட்டும் மெஷினில் மயில்சாமியின் விரல் சிக்கிக்கொண்டது. கம்பெனி வாசலில்தான் கார் நின்றது. அவர் ஆட்டோவுக்குச் சொல்லி அனுப்பினார். ஆட்டோ வரக் கால் மணி நேரம் ஆயிற்று.

காரின் சீட் வெள்ளைத் தோல்; ரத்தம் பட்டால் போகாது.

மயில்சாமி அன்றும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இன்றும் சொல்லவில்லை. பாதியில் நின்றுபோன விரல் முழங்கால்மேல் கிடந்தது.

“வா. ஓட்டிக் காட்டறேன்” என்று எழுந்தார்.

மயில்சாமியைப் பக்கத்தில் உட்காரவைத்து மெயின் ரோட்டுக்குப் போனார். ஒன்று. இரண்டு. மூன்று.

வண்டி வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போனது.

நிறுத்தினார். மறுபடி கிளப்பினார். மேட்டில் ஏற்றினார். ஏசியைக் கூட்டி வைத்து நெரிசலில் ஊர்ந்தார். வந்த மெக்கானிக்குகள் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் உதறிக் காட்டிய வண்டி.

உதறு, உதறித் தொலை என்று மனதுக்குள் கெஞ்சினார்.

உதறவில்லை.

மயில்சாமி சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். மடியில் கைகளைக் கட்டியிருந்தார். சீட்டில் முழுதாகச் சாயவில்லை.

வீட்டு வாசலில் இறங்கியதும் மயில்சாமி சொன்னார்.

“வேணும்னா இன்னொரு இருவதாயிரம் சேத்தித் தர்றனுங்.”

“அதில்ல மயிலு.”

மூன்று தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் அது வேறு எதையோ சொல்வதுபோல் அவருக்கே கேட்டது.

அந்த ஆட்டோவைப் பற்றிப் பேசிவிடலாமா என்று நினைத்தார். இத்தனை வருடம் கழித்து எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

உள்ளே மனைவி இருமினாள்.

பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

மயில்சாமி கூடுதலாகத் தந்த இருபதாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதையும் மயில்சாமி ஓர் அவமானம்போலத்தான் வாங்கிப் பையில் போட்டார்.

துளசிமணி நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். வண்டி அவற்றை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. தெருமுனையில் திரும்பும்போது மயில்சாமி ஹாரனை ஒருமுறை மெதுவாக அடித்தார்.

அவர் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளறைக்குப் போனார். மனைவி விழித்திருந்தாள். சத்தமெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும், பேச்சு கேட்டிருக்காது.

“ஏனுங்க, கோளாற அவங்ககிட்டச் சொல்லீட்டீங்ளா?”

“சொல்லீட்டேன்” என்றார்.

அவள் நிம்மதியாகத் திரும்பிப் படுத்தாள்.