மாதிரி வீட்டில் ஒரு மணி நேரம்

கண்ணாடிக் கிண்ணத்தில் இருந்த பிளாஸ்டிக் ஆப்பிள்களை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் என் கைப்பைக்குள் திணித்தேன்.

சுவரில் யாரோ ஒரு குடும்பம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அந்தப் படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். டி.வி. என்று மாட்டியிருந்தது வெறும் அட்டை. புதுப் பொருள், தூசி படக்கூடாது என்கிற மாதிரி அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினேன்.

வாசலில் இருந்த 'மாதிரி வீடு' பலகையை விற்பனை அலுவலகப் பெண்ணே கழற்றி எடுத்துக்கொண்டாள்.

"ஒரு மணி நேரம்தான்க்கா. மேனேஜர் வந்தா என் வேலை போயிடும்."

நல்ல பெண். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சாவியைக் கொடுத்திருப்பேனா, தெரியாது.

நாங்கள் வாங்கிய வீடு ஆறாவது மாடியில். கட்டடம் நாலாவது மாடியோடு நின்று ஒரு வருஷம் ஆகிறது. மேலே கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. எங்கள் வரவேற்பறையில் இப்போதைக்குக் காக்கா பறக்கிறது.

அப்பா படுக்கையில் விழுந்த பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. நான்தான் வந்து பார்த்துவிட்டு, வேலை ஜோராக நடக்கிறது என்று போய்ச் சொல்வேன்.

போன வாரம் டாக்டர் கையை விரித்துவிட்டார். இன்னும் சில வாரம்தானாம். அதைக் கேட்டு அப்பா அழவில்லை. "வீடு முடிஞ்சுதா?" என்றுதான் கேட்டார்.

தனக்காகக் கேட்கவில்லை. அம்மா ஆயுசு முழுக்க வாடகை வீட்டுக்கு வாடகை வீடு சட்டி பானை தூக்கி அலைந்தவள். தான் போன பிறகு அவளை யாரும் காலி பண்ணு என்று சொல்லிவிடக் கூடாது. அந்த மனுஷனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"முடிஞ்சிடுச்சுப்பா" என்று வாயில் வந்துவிட்டது. வந்ததை விழுங்க முடியுமா? உங்களால் மாடி ஏற முடியாது என்று தரைத்தளத்திலேயே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று அடுத்த கதையையும் அளந்தேன். அம்மாவிடமும் அதே கதைதான். அவளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தே அப்பா கண்டுபிடித்துவிடுவார்.

டாக்ஸியைப் பின்பக்கமாக வரச்சொல்லியிருந்தேன். அந்தப் பக்கமிருந்து பார்த்தால் பாதியில் நிற்கிற மாடிகள் தெரியாது. டிரைவரும் நானும் அப்பாவை ஆளுக்கொரு தோளில் தாங்கி உள்ளே கொண்டுவந்தோம்.

அம்மா ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து திறந்து மூடினாள். படுக்கையறையிலிருந்து அவள் குரல் வந்தது.

"கட்டில்தான் குட்டையா இருக்கு. உங்கப்பாவுக்குக் கால் வெளிய தொங்கும்!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அப்புறம் சத்தமே இல்லை.

அப்பா எதையும் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். நாற்பது வருஷம் பிளம்பராக இருந்தவர். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் குழாயைத் திறந்து பார்த்துவிடுவார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூடத் திறந்து பார்த்து, வரும் வழியெல்லாம் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆப்பிளை ஒளித்தேன், படத்தை ஒளித்தேன். பிளம்பரின் மகள் குழாயை யோசிக்கவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

குழாயைத் திருப்பினார். காற்றுகூட வரவில்லை.

"தண்ணி கனெக்‌ஷன் அடுத்த வாரம்தான்ப்பா குடுக்கறாங்க."

அவர் மேடையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லக் கீழே உட்கார்ந்தார். பிடிக்கப்போன என் கையைத் தட்டிவிட்டார். தொட்டிக்குக் கீழே இருந்த சின்னக் கதவைத் திறந்து, தோள்வரை கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவினார். வேலை என்று உட்கார்ந்தால் எப்போதும் அப்படித்தான். எல்லாவற்றையும் விரலே பார்த்துவிடும்.

ரொம்ப நேரம் தடவினார். நான் நின்ற இடத்திலிருந்து உள்ளே எதுவும் தெரியவில்லை.

பிறகு கையை வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"நல்ல பிளம்பரா பிடிச்சிருக்காங்க. ஜாயின்ட் எல்லாம் கல்லு மாதிரி நிக்குது. உன் காலத்துக்கும் ஒரு சொட்டு ஒழுகாது, போ."

அம்மா அங்கேயே உடைந்து அழுதாள். சந்தோஷத்தில்தான். அப்பா இன்னொரு பிளம்பரைப் பாராட்டி இதுவரை நாங்கள் கேட்டதே இல்லை.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா, நம்பிவிட்டார். இனி அந்த ஒரு கவலையாவது இல்லாமல் போவார். எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், இதற்கு மட்டும் எந்த நரகத்துக்கும் போகத் தயார் என்று நினைத்துக்கொண்டேன்.

இருவரையும் டாக்ஸியில் உட்காரவைத்துவிட்டு, எல்லாவற்றையும் இருந்தபடி வைக்கத் திரும்பி வந்தேன். சமையலறையில் அந்தச் சின்னக் கதவு திறந்தே கிடந்தது. மூடுவதற்காகக் குனிந்தேன்.

உள்ளே பைப்பே இல்லை.

ஒரு துண்டுகூட இல்லை. சுவரில் அதற்கான துளைகூடப் போடவில்லை. அடிப்பலகையில் கனமாகத் தூசி படிந்திருந்தது. அதில் அப்பாவின் விரல்கள் சுவர்வரை போய், ஒவ்வொரு மூலையாகத் தேடிவிட்டு, திரும்பி வந்திருந்தன.

வெளியே டாக்ஸியில் அம்மா எந்த ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா ஒவ்வொரு ஜன்னலுக்கும் நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.