கழற்றிய சாமான்

"இது மூணாவது தடவை மேடம். நீங்க ரிப்பேர் பண்றீங்களா, இல்ல விளையாடறீங்களா?"

பழைய வீடியோ கேம் பெட்டியை வாடிக்கையாளர் ரிப்பேர் கடை மேஜையில் வைத்த வேகத்தில் ஸ்குரூ டிரைவர்கள் குதித்தன. வைத்தவர் உட்காரவில்லை. கடையே நின்று திரும்பத்தான் இடம். அதற்குள் போவதும் வருவதுமாக இருந்தார். பின்னால் வந்த அவருடைய அப்பா மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, சினிமாவுக்கு வந்தவர் போல வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

கடைக்காரி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பழைய கேம் பெட்டி சேர்ப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அவள் கடை ஓடுவதே அந்தக் குரூப்பால்தான். அதில் இவர் வாய் பெரிய வாய்.

"திறந்து பார்க்கறேன் சார்."

"பாருங்க. இன்னைக்கும் ஃப்யூஸ்தான்னு சொன்னீங்கன்னா குரூப்ல போட்டுடுவேன்."

திறந்தாள். ஃப்யூஸ்தான். கண்ணாடிக் குழாய்க்குள் கம்பி அறுந்து கருத்திருந்தது. மீட்டரை வைத்தால் சத்தமே இல்லை.

வேறு எங்காவது ஷார்ட் ஆகிறதா? டிரான்ஸ்பார்மர், டயோடு, கெப்பாசிட்டர் என்று ஒவ்வொன்றாக மீட்டரை வைத்தாள். எல்லாம் நன்றாக இருந்தது. புது ஃப்யூஸ் மாட்டி ஓட்டினாள். பெட்டி சமர்த்தாக ஓடியது. எரிய ஒரு காரணமும் இல்லை. அதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது.

"ஆச்சா?" என்றார் மகன். அவள் பதில் சொல்வதற்குள் அவர் போன் அடித்தது. காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

எரிந்த ஃப்யூஸை எடுத்து விளக்கின் கீழ் உருட்டினாள். சிவப்பைக் காணோம்.

அவள் மாட்டுகிற ஃப்யூஸ் ஒவ்வொன்றின் மூடியிலும் ஒரு சொட்டு சிவப்பு நெயில் பாலிஷ் வைப்பாள். ஊரார் செய்த தப்புக்குத் தன் தலை உருளக் கூடாது என்று செய்த ஏற்பாடு. இன்னொரு பழக்கமும் உண்டு. கழற்றிய சாமானை வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவிடுவாள். இந்த எரிந்த ஃப்யூஸின் மூடியிலோ துருதான் இருந்தது. முதல் தடவை அவள் கழற்றிக் கொடுத்தாளே, அதே ஃப்யூஸ். போன தடவையும் இதேதான் உள்ளே இருந்திருக்கிறது, அவசரத்தில் கவனிக்கவில்லை. இரண்டு தடவையும் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவர், இதோ, ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார்.

கோபம் சுர்ரென்று ஏறியது.

"ஐயா, வீட்டுல இதுல யார் கை வச்சது?"

பெரியவர் வாசலைப் பார்த்தார். பிறகு சட்டைப் பைக்குள் கைவிட்டு, உள்ளங்கையை நீட்டினார். சிவப்புப் பொட்டு வைத்த ஃப்யூஸ்கள், இரண்டு.

"மன்னிச்சிடும்மா. நீ மாட்டறதைப் பார்த்துக் கத்துக்கிட்டேன். உன் பேரு கெடும்னு யோசிக்கல."

"எதுக்கு இந்த வேலை?"

"இது ஓடினா அவன் இதோட உட்கார்ந்துடறான். ஆபீஸ் விட்டு வந்ததும் ஹெட்போனை மாட்டிப்பான். கூப்பிட்டாலும் காதுல விழாது. இது கெட்டுப்போனாத்தான், 'அப்பா, டார்ச்சைப் பிடிங்க'ம்பான். ரெண்டு பேரும் தரையில உட்கார்ந்து நோண்டுவோம். ஒண்ணும் புரியாது. அப்புறம் இங்க வர்ற வழி முழுக்கப் பேசிக்கிட்டே வருவான்." கொஞ்சம் தயங்கினார். "உன்னைத் திட்டித்தான் பேசுவான். ஆனா பேசுவான்."

அவளுடைய கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

மகன் உள்ளே வந்தார். போனில் அந்தக் குரூப்தான் திறந்திருந்தது. கட்டைவிரல் தயாராக இருந்தது.

"என்ன, கண்டுபிடிச்சீங்களா?"

பெரியவர் எழுந்தார். "டேய், அது வந்து..."

"கண்டுபிடிச்சுட்டேன் சார்," என்று முந்திக்கொண்டாள். பெட்டியின் முன்பக்கத்தை அவர் பக்கம் திருப்பினாள். ரிமோட் மாட்டும் துளைகள் இரண்டில் ஒன்று தேய்ந்து பளபளத்தது. இன்னொன்றில் தூசி அடைத்துக் கிடந்தது.

"இது ரெண்டு பேர் ஆடறதுக்குன்னே செஞ்ச மிஷின் சார். நீங்க ஒருத்தராவே ஆடறீங்க. லோடு எல்லாம் ஒரே பக்கம் விழுது. ஃப்யூஸ் தாங்க மாட்டேங்குது."

கரண்ட்டைப் பற்றித் தெரிந்தவர்கள் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நல்லவேளை, மகனுக்குத் தெரியவில்லை.

"இதை முதல் தடவையே சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

அவர் விடவில்லை. நின்ற இடத்திலேயே தட்டினார். மேஜை மேல் இருந்த அவளுடைய போன் டிங் என்றது. அவளும் அந்தக் குரூப்பில்தானே இருக்கிறாள். 'இந்தக் கடையில மூணாவது தடவைதான் கோளாறே தெரியும். யோசிச்சுப் போங்க.' படித்தாள். சுருக்கென்றது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்த இரண்டாவது துளையின் தூசியைத் தட்டித் துடைத்தாள்.

"இன்னொரு ரிமோட் இருக்கா சார்?"

"எங்க கிடக்குதோ, யாருக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும்," என்றார் அப்பா.

மகன் அவரை ஒரு தரம் பார்த்தார். "நீங்க ஆடுவீங்களாப்பா?"

"நீ சொல்லிக் குடு. ஆடறேன்."

மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். பெரியவர் இரண்டு நல்ல ஃப்யூஸ்களையும் மேஜையில் வைத்தார். திரும்பி நடந்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம்."

ஓடி வந்து, அந்தக் கருத்துப்போன ஃப்யூஸை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"கழட்டின சாமானைக் கையிலயே குடுத்துடறது நம்ம கடை வழக்கம். பத்திரமா வச்சுக்கோங்க."