மாதுவின் படகில் மெழுகு

“என் படகுல யாரு மெழுகு தடவுனது?”

ஏரிக்கரையே திரும்பிப் பார்த்தது. மாது படகை உள்ளங்கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். நேற்றைவிடக் கனம்.

பொங்கல் பொம்மைப் படகுப் போட்டிக்கு முந்தின நாளே எல்லாப் படகுகளையும் ஜமீரின் நாற்காலிக் கடையில் ஒப்படைத்துவிட வேண்டும். பாப்பாரப்பட்டி வாலிபர் சங்கத்தின் வழக்கம் அது. ஜமீரும் போட்டியில் இருந்தார்.

“நான்தாண்ணா தடவுனேன்,” என்றார் ஜமீர்.

“எதுக்கு?”

“தனியா வாங்க, சொல்றேன்.”

“எல்லார் முன்னாடியும் சொல்லு!”

ஜமீர் கூட்டத்தைப் பார்த்தார். தன் படகை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

போன பொங்கலுக்கு மாதுவின் படகு பாதி ஏரியில் முழுகிப் போனது. அன்றிலிருந்து அவர் ஊருக்கு ‘முங்கி மாது’. மகள் பாஞ்சாலியைப் பெண் பார்க்க வந்தவர்களே அந்தப் பேரைச் சொல்லித்தான் வீட்டை விசாரித்தார்கள்.

கனம்தான் முழுக்கியது என்று முடிவு கட்டிவிட்டார் மாது. இந்த வருஷம் கல்யாண முருங்கைக் கட்டையை வெளிச்சம் தெரிகிற மாதிரி சீவினார். பெயிண்ட் கிடையாது. பாய் கட்டிய முடிச்சில் மிஞ்சிய நூலைக்கூட நறுக்கினார்.

“உங்க மீசையையும் எடுத்துடுங்க, இன்னும் லேசாவும்,” என்றாள் மனைவி காவேரி.

அப்படிச் செய்த படகில் மெழுகு!

“ஜெயிக்க இப்படி ஒரு வழியா?” என்று மாது பிளேடை எடுத்தார். பரபரவென்று மெழுகைச் சுரண்டிவிட்டுப் படகைத் தண்ணீரில் விட்டார்.

படகு பறந்தது. ஜமீரின் படகைத் தாண்டியது. பிறகு மெல்லச் சாய்ந்தது. ஒரு குமிழி விட்டு முழுகியது.

“முங்கி…” என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

“என் தப்புங்க!” ஜமீர் சத்தமாகச் சொன்னார். “மெழுகைப் பூசி நான்தான் கெடுத்துட்டேன். இல்லைன்னா அண்ணன் படகு கரை சேந்திருக்கும்.”

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, படகைத் தேடி எடுத்து வந்து மாதுவிடம் கொடுத்தார்.

சுரண்டிய இடமெல்லாம் கட்டை ஊறி உப்பியிருந்தது. பிளேடு படாத ஒரு மூலையில் மட்டும் மெழுகு மிச்சமிருந்தது. அங்கே மட்டும் ஈரமே ஏறவில்லை.

மாது அதை விரலால் தடவிப் பார்த்தார்.

“ஜமீரை இனிமே போட்டியில சேக்கக் கூடாதுங்க. என்ன மாதண்ணா, சரிதானே?” என்றார் சங்கத் தலைவர்.

மாது படகைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“சரிதாங்க,” என்றார்.