முன்பிருந்த நாடு

"இதுக்கு முன்னாடி எந்த நாட்டுல இருந்தே?"

"ரங்கூனுங்க, கிராணி ஐயா."

"ரங்கூனா? சீச்சீ!" மாணிக்கம் அந்த வண்டிக்காரனின் முகத்தைக்கூடப் பார்க்காமல் காகிதத்தில் கிறுக்கினான். "அங்கேருந்து வர்றவன் பூராவும் எதையாவது விட்டுட்டு ஓடி வந்தவன்தான். போ, போ, நிக்காதே."

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோராம் ஆண்டு. சிங்கப்பூரில் குடிமதிப்பு நடந்துகொண்டிருந்தது. யார், என்ன பேர், இங்கே வருவதற்கு முன் எந்த நாடு என்று வீடு வீடாகப் போய் எழுத ஆள் பிடித்திருந்தார்கள். சிராங்கூன் ரோட்டு மாட்டுக்கொட்டகைகளுக்குப் பின்னாலிருந்த குடிசைகள் மாணிக்கத்தின் பங்கு. ஏதோ ஒரு சரக்குக் கிட்டங்கியில் மூட்டைக்குச் சீட்டு எழுதும் சாதாரணக் கிராணிதான். அரசாங்கத்துப் பென்சில் ஒன்று கைக்கு வந்ததும் துரைக்கே துரையாகிவிட்டான்!

கூடவே பரமசிவம் வந்தார். குடிசைகள் அவருடையவை. சித்திரையில் தம் மகள் கமலாவை மாணிக்கத்துக்குக் கட்டிக் கொடுக்கப் போகிறார். மாப்பிள்ளையின் அதிகாரத்தைக் குடியிருப்பவர்களுக்குக் காட்டாமல் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா அவரால்?

அடுத்த குடிசையில் ஒரு கிழவர். "மொதல்ல மொரீசு தீவுங்க. அப்புறம் கொழும்பு. அப்புறம் பினாங்கு."

"ஒரு வயித்துக்கு எத்தனை நாடுய்யா? இங்கே ஒரே கட்டம்தான் இருக்கு. ஒண்ணைச் சொல்லு."

"எந்த நாட்டுல அடி அதிகமா வாங்கினேனோ அதைச் சொல்லட்டுங்களா?"

"திமிரைப் பாருங்க மாமா!" மாணிக்கம் ஏதோ ஒன்றை எழுதிக்கொண்டு நடந்தான்.

"உங்களையும் எழுதணுமில்ல, மாப்பிள்ளை?"

"எழுதியாச்சு மாமா. நாகப்பட்டினத்துல கப்பலேறினேன், நேரா சிங்கப்பூர்ல எறங்கினேன். நடுவுல வேற மண்ணை மிதிச்சதே இல்ல. இவனுங்களை மாதிரி நாடு நாடா அலைஞ்ச பொழப்பா நமக்கு?"

பரமசிவத்துக்கு உச்சி குளிர்ந்தது.

கடைசிக் குடிசையின் வாசலில் சாக்குப் படுதா தொங்கியது. பக்கத்து வீட்டுப் பூவம்மா இடுப்பில் கைவைத்து அதன் முன்னால் நின்றாள்.

"உள்ள முத்தாயி இருக்கா. போன வாரம்தான் வந்தா. ஆம்பளைங்க முன்னால வரக் கூச்சப்படுறா. நீங்க கேளுங்க, நான் கேட்டுச் சொல்றேன்."

"அடேயப்பா, ராணியம்மா படுதாவுக்குப் பின்னாலதான் பேசுவாங்களோ? இந்த வரிசையில மட்டும் இது நாலாவது முத்தாயி. வேற பேரே கெடைக்கல இதுங்களுக்கு."

"எந்த நாட்டுலேருந்து வந்தான்னு கேக்கட்டுங்களா?"

"பொம்பளைக்குத் தனியா நாடு என்ன வேண்டிக் கெடக்கு? புருஷன் எந்த நாடோ, பொண்டாட்டியும் அந்த நாடு. மொதல்ல புருஷன் பேரைச் சொல்லச் சொல்லு."

படுதாவுக்குள் கிசுகிசுப்பு. பூவம்மா திரும்பினாள்.

"தாலி கட்டினவர் பேரை வாயால எப்படிங்க சொல்லுவா? சொன்னா அவரு ஆயுசு கொறைஞ்சுடுமே!"

"அப்படி ஒருத்தன் இருந்தாத்தானே கொறைய!" மாணிக்கம் சிரித்தான். "மாமா, புருஷன் இல்லாதவளுங்க சொல்ற சாக்கு இது. தனியா வந்து எறங்க வேண்டியது, புருஷன் இந்த ஊர்லதான் எங்கேயோ இருக்கார்னு கதை விட வேண்டியது. இவளை எல்லாம் குடிவெச்சா, நாளைக்கு நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு எவன் வருவான்?"

கல்யாணம் என்றதும் பரமசிவத்துக்குச் சுருக்கென்றது.

"ஏய் பூவம்மா! புருஷனைத் தேடி வந்திருக்கா, கெடைச்சதும் போயிடுவான்னு சொல்லித்தானே வீட்டைக் கேட்டே? அவன் யாருன்னு இப்பவே எனக்குத் தெரிஞ்சாகணும். இல்லேன்னா சட்டி பானையெல்லாம் தெருவுக்கு வந்துடும்!"

"ஐயோ முதலாளி, அப்படிச் சொல்லாதீங்க! அந்தப் பொண்ணு எங்கே போவா? யாரு வீட்டுல போய் நிப்பா?"

"புருஷன் வீட்டுல போய் நிக்கட்டுமே," என்றான் மாணிக்கம்.

இவனெல்லாம் மனுஷனா என்று முணுமுணுத்துக்கொண்டே பூவம்மா படுதாவுக்குள் தலையை விட்டாள். ரொம்ப நேரம் குசுகுசுவென்று பேச்சு. உள்ளே வளையல் சத்தம் கேட்டது. பூவம்மா தலையை வெளியே எடுத்தாள்.

"பேரை என்ன ஆனாலும் சொல்லமாட்டாளாம். ஆளைக் காட்டினாப் போதுமான்னு கேக்குறா."

"போதும், போதும்," என்றார் பரமசிவம். "இந்த ஊருக்குள்ள இருந்தாச் சரி."

"பேஷா காட்டட்டும்!" மாணிக்கம் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டான். தலையை மட்டும் காகிதத்திலிருந்து தூக்கவில்லை. "பொண்டாட்டியைத் தெருவுல விட்ட அந்த மகாராசனை நானும் பார்க்கிறேன்."

படுதா விலகியது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முத்தாயி வெளியே வந்தாள். அவள் வலது கை நேராக நீண்டது. விரல் போன திசையைப் பார்த்த பரமசிவத்தின் வாய் பிளந்தது பிளந்தபடி நின்றது. என்ன சத்தத்தையே காணோம் என்று அப்போதுதான் மாணிக்கம் நிமிர்ந்தான். அரசாங்கத்துப் பென்சில் சாணியில் விழுந்தது.

அவன் முகத்துக்கு நேரே நீட்டிய விரலை மடக்காமல் முத்தாயி சொன்னாள்: "ரெண்டு பேருக்கும் ரங்கூன்னே எழுதிக்குங்க. புருஷன் எந்த நாடோ, பொண்டாட்டியும் அந்த நாடுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"