கடைசியாகக் குடியிருந்த இடம்

"இங்கயும் இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க," என்று கெஞ்சிக்கொண்டே அந்த அம்மாள் கவுண்டர் ஜன்னலுக்கு முன்னால் நின்று கையுறைகளைக் கழற்றினாள். அவள் பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையெல்லாம் ஈரமானது.

ஹார்லோ மாவட்ட நீதிமன்றத்தின் ரெக்கார்ட் ரூம் கீழ்த்தளத்தில் இருக்கிறது. உயில், வாரிசு வழக்குகளின் கட்டுகளை எடுத்துக் கொடுப்பது மேவிஸின் வேலை. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் செத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை, சொத்தைப் பற்றி ஒன்பது வார்த்தை பேசிவிட்டுப் போனவர்கள். மேவிஸுக்கு முழங்கால் வலி. அதைவிட மனிதர்கள் மேல் சலிப்பு.

வந்தவள் பெயர் கொரின். அறுபதை ஒட்டிய வயது. ஆர்வின் ஸ்காவ் என்பவரின் கட்டைத் தேடி, ஹீட்டர் வேலை செய்யாத காரில் மூன்று மாவட்டங்கள் அலைந்துவிட்டாளாம். அவர் பிறந்த மாவட்டத்தில் இல்லை. ஆஸ்பத்திரியில் இறந்த மாவட்டத்திலும் இல்லை. அவருடைய பண்ணையும் சர்ச்சும் கல்லறையும் இருக்கிற லிண்டன் மாவட்டத்தில் கட்டாயம் இருக்கும் என்று நம்பிப் போனாளாம். அங்கேயும் கையை விரித்துவிட்டார்கள்.

உயில் வேண்டாம், சொத்துக் கணக்கு வேண்டாம், வாரிசு மனுவின் முதல் பக்கம் மட்டும் போதும் என்றாள். அவர் கடைசியாகக் குடியிருந்த இடம் என்று அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தன் கண்ணால் ஒரு தடவை பார்க்க வேண்டுமாம்.

மேவிஸுக்கு இது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. விதவைகளிடம் எந்த ஆபீஸ் எந்தத் தாளைக் கேட்கும் என்று கடவுளுக்கே தெரியாது. பென்ஷன் ஆபீஸில் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பிள்ளைகள் மனுவைப் போட்டுவிட்டு அம்மாவிடம் மூச்சு விடாமல் இருப்பதும் அவள் நிறையப் பார்த்ததுதான்.

"பொறந்த ஊரு, செத்த ஊரு, நிலம் இருக்கிற ஊரு, இதெல்லாம் கணக்குலயே வராதும்மா," என்றாள். "மனுஷன் கடைசியா எங்க குடியிருந்தாரோ, அந்த மாவட்டத்துலதான் மனு போடணும். அவர் வீடு இதுதான்னு, போடுறவங்க சத்தியம் பண்ணி எழுதணும். நீங்க எங்க இருக்கீங்க?"

"இங்கதாங்க. மில் தெருவுல, பதினேழாம் நம்பர்."

"அவரும் உங்களோடதானே இருந்தாரு?"

"ரொம்ப வருஷமா."

மேவிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கீங்களே. இந்தப் பனியில ஊர் ஊரா சுத்துறதுக்கு, முதல்ல இங்க ஒரு எட்டு வந்திருக்கலாமில்ல?"

"இங்க இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லீங்க," என்றாள் கொரின்.

மேவிஸ் கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினாள். அப்படி ஒருவர் இல்லை என்றது அது. அதைச் சொன்னதும் கொரின் கோபப்படவில்லை, வாதாடவில்லை. எதிர்பார்த்ததுதான் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுக் கையுறையை மறுபடி மாட்டத் தொடங்கினாள். இனிமேல் தேடுவதற்கு அவளுக்கு வேறு மாவட்டம் பாக்கி இல்லை.

அந்த முகத்தைப் பார்த்து மேவிஸுக்கு என்னவோ போலிருந்தது. இருங்கள் என்றாள். ஸ்காவ் என்கிற பெயரை இந்தக் கட்டடத்திலேயே ஆளுக்கொரு விதமாக எழுதுகிறவர்கள் உண்டு. ஓர் எழுத்தைக் கூட்டிப் பார்த்தாள், ஒன்றைக் குறைத்துப் பார்த்தாள். மூன்றாவதாக மாற்றிப் போட்டதில் ஆர்வின் ஸ்காவ் வந்து நின்றார்.

கட்டு, கடைசி வரிசையில் மேல் தட்டில் இருந்தது. முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏணியில் ஏறி எடுத்து வந்து, முதல் பக்கத்தைப் பிரித்து ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தள்ளினாள்.

கொரின் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. 'கடைசியாகக் குடியிருந்த இடம்: 17, மில் தெரு, ஹார்லோ மாவட்டம்.' அதை இரண்டாம் முறை வாய்விட்டுப் படித்தாள். பிறகு, ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பென்ஷன் வேலை முடிந்ததற்கு இப்படி அழுத ஒருவரை மேவிஸ் இதுவரை பார்த்ததில்லை. காகிதக் கைக்குட்டைப் பெட்டியை நகர்த்தி வைத்தாள். பேச்சை மாற்ற, மனுவின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள்.

"விலாசத்தை ஒரு எழுத்துப் பிசகாம எழுதியிருக்காங்களே. யாரு இந்த லூயெல்லா ஸ்காவ், உங்க நாத்தனாரா?"

கொரின் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இல்லீங்க. அவரோட பொண்டாட்டி."