படகின் எஞ்சின் ஒலி

முந்நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் கடல் ஒலி ஆய்வுக்காகக் கடலடியில் கிடந்த எங்கள் ஒலிப்பதிவுக் கருவி மேசைமேல் இருக்கிறது. ஜன்னல் வெயிலில் அதன்மேல் உப்பு வெளுத்துக்கொண்டிருக்கிறது. படகோடு காணாமல்போனவரின் மனைவி ஹெட்ஃபோனை இரு கைகளாலும் காதோடு அழுத்திக்கொள்கிறாள். “இது அவரு எஞ்சின்தாம்மா. இருமிக்கிட்டே ஓடும், அவர மாதிரியே.” சிரிக்கிறாள். திரையில் ஒலிக்கோடு துடித்தபடி நகர்ந்து, சட்டென்று முடிகிறது. “அப்புறம் என்னாச்சு? மீதியப் போடும்மா.” அடுத்த பதிவைத் திறக்கிறேன். வெறும் நீரின் இரைச்சல். “எஞ்சின் நின்னுபோச்சா? இல்ல, தாண்டிப் போயிட்டாரா?” என் விரல் மவுஸின் மேலேயே கிடக்கிறது. “தெரியாதுக்கா. பேட்டரி தாங்கணும்னு மணிக்குப் பத்து நிமிஷம்தான் பதிவாகும். நடுவுல அம்பது நிமிஷம் அது எதையும் கேக்கல. அப்படி வச்சது நான்தான்.”