பேராசிரியரின் சத்துப்பொடி

ஆய்வுக்கூட வேலைக்கான நேர்முகத் தேர்வு. பேராசிரியர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக, எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

"பத்து வருஷம் ஓட்டப் பந்தயம், அப்புறம் பிஎச்டி. இங்க ஓடறதுக்கு இடம் கிடையாதும்மா."

"ஓடி ஓடிக் களைச்சுப்போச்சு சார். உக்காரத்தான் வந்திருக்கேன்."

எப்போதும் அவர் சிரித்த பிறகே சிரிக்கும் தேர்வுக்குழு உறுப்பினர்கள் இருவரும் இன்று முந்திக்கொண்டார்கள். அவருக்குச் சுருக்கென்றது. தனக்கு விருதும் இந்தத் தலைமை நாற்காலியும் வாங்கித் தந்த சத்துப்பொடி ஆய்வறிக்கையை மேசைமேல் போட்டார்.

"இதைப் படிச்சிருக்கீங்களா?"

"வரி விடாம. பொடியைக் கரைச்சுக் குடிச்ச பன்னிரண்டு பேர்ல மூணாம் நம்பர் ஓட்டக்காரிதான் ரொம்ப முன்னேறினா."

"அவளாலதான் உலகமே என் பொடியைத் திரும்பிப் பார்த்தது. இந்த மாதிரி ஆராய்ச்சி உங்களால முடியுமா?"

"அந்த மூணாம் நம்பர் நான்தான் சார்."

பேராசிரியர் எழுந்தே விட்டார். முகமெல்லாம் பல்.

"அடடே, முதல்லயே சொல்லக் கூடாதா? அப்போ நம்ம பொடிதான் உங்களை ஆராய்ச்சி வரைக்கும் கொண்டுவந்திருக்கு."

"ஆமா சார். வாடை தாங்காம தினமும் விடுதி ஜன்னல்ல இருந்த ரோஜாத் தொட்டியில ஊத்திட்டுத்தான் ஓடப் போவேன். ரெண்டே வாரத்துல செடி பட்டுப்போச்சு. ஏன்னு கண்டுபிடிக்கத்தான் ஆராய்ச்சிக்கு வந்தேன்."